பழுது வயரில்தான் இருந்தது

தம்பி,

எழுதிக் கொடு என்று நீ கேட்டு ஒரு மாதம் ஆகிறது. நான்கு தடவை தொடங்கினேன், நான்கு தடவையும் கிழித்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டுகிற வரி ஒன்று எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டது. இந்த முறை அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அதை அடித்துவிட்டுப் படி. விஷயம் உனக்குத் தெரியும், இருந்தாலும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் உன் ஹார்ட் டிஸ்க் செத்துப்போய்விட்டது என்று நான் சொன்னது பொய். அன்று அது உயிரோடு இருந்தது. எப்படி நடந்தது, எங்கே நடந்தது, அப்போது என் மனதில் என்ன இருந்தது என்று நீ கேட்டாய். எனக்குத் தெரிந்தவரை வரிசையாக எழுதுகிறேன்.

உன் அம்மாவுக்கு முடியாமல் போனபோது நீ வேலூரில் அந்த ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டு மலைக்கு வந்தாய். அவள் இருந்தவரை அவள் பக்கத்திலேயே இருந்தாய். அவள் போன பிறகும் நீ கீழே இறங்கவில்லை. ரெக்கார்டரையும் அந்த நீள மைக்கையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போவாய். ஆந்தை, தவளை, புளியந்தோப்பில் மழை விழுகிற சத்தம், களத்தில் பெண்கள் சாமை புடைக்கிற சத்தம் என்று பிடித்துக்கொண்டு வருவாய். இதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள் என்று நான் நினைத்தேன். பெங்களூரில் ஒரு நிறுவனம் கேட்டது. போனில் நீ அனுப்பிய சின்னச் சின்னத் துண்டுகளைக் கேட்டுவிட்டு, முழுப் பதிவுகளையும் அனுப்பு, பிடித்திருந்தால் இரண்டு வருடம் வடகிழக்குக் காடுகளில் எங்களோடு வேலை செய்யலாம் என்று எழுதியிருந்தார்கள். நீ சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு அதை எனக்கு வாசித்துத் தமிழில் சொன்னாய். நான் "நல்லது தம்பி" என்றேன். அந்தச் சொல்லில் பொய் இல்லை. ஆனால் சொல்லும்போதே என் கண் உன் அம்மா உட்காருகிற இடத்துக்குப் போனது. உன் அம்மா போய் அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்த வாரமே அமிர்திக் காட்டுப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது ஈர ரோட்டில் கிடந்த ஜல்லியில் உன் வண்டி சறுக்கியது. கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டு. ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றார் டாக்டர். ரெக்கார்டர் தப்பித்தது. லேப்டாப்பில் ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தது. பையின் பக்கவாட்டில் இருந்த ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கீறல்கூட இல்லை. நீ முதலில் சொன்னது, "கால் போனா போகுது நைனா, இது தப்பிச்சிதே" என்றுதான். மறுநாள் அதை லேப்டாப்பில் செருகினாய். செருகியதும் வருகிற அந்த 'டொடிங்' சத்தம் வந்தது. நீ மூச்சு விடுவதற்குள் பிடுங்கினால் வருகிற சத்தமும் வந்தது. யாரும் பிடுங்கவில்லை. இணைத்த கருவியை அடையாளம் தெரியவில்லை என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

அதற்கப்புறம் நீ என்னென்ன செய்தாய் என்பது எனக்கு மனப்பாடம். நான்தானே உன் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். இடது பக்க ஓட்டையில் போட்டாய், வலது பக்கம் போட்டாய். லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட்டாய். சார்ஜரைச் செருகிவிட்டுப் போட்டாய், பிடுங்கிவிட்டுப் போட்டாய். கம்ப்யூட்டர் தன்னிடம் இருக்கிற டிஸ்க்குகளையெல்லாம் பட்டியல் போட்டுக் காட்டுகிற ஒரு பக்கத்தைத் திறந்து, அதில் உன் டிஸ்க்கின் பெயர் ஒரு நொடி தோன்றி மறைவதைக் காட்டினாய். "பாத்தியா நைனா, வருது, ஓடிப் போய்டுது." பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர் வாத்தியாரின் லேப்டாப்பை நான் போய்க் கேட்டு வாங்கி வந்தேன். அதிலும் அதே கதைதான். கார்டில் இருப்பதை டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு கார்டை அழித்து அழித்துப் பயன்படுத்தியதால் வேறு எங்கேயும் நகல் இல்லை. மலையில் இருக்கிற நெட்டில் ஒரு பாட்டு மேலே ஏறவே அரை நாள் ஆகும், இதையெல்லாம் எங்கே ஏற்றி வைப்பது. பெங்களூருக்கு அனுப்ப இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. மாவுக்கட்டுக்குள் கால் அரித்தால் குச்சி விட்டுச் சொறிந்துகொண்டே, கண்ணை அந்தத் திரையிலிருந்து எடுக்காமல் கிடந்தாய்.

இப்போது எழுதப் போவதை, போன மாதம் ஆலங்காயத்தில் உன்னிடம் ஒப்புக்கொண்ட அன்றும் நான் சொல்லவில்லை. டிஸ்க்கை ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன்பே பழுது எங்கே என்று எனக்குத் தெரியும். நீ மத்தியானம் அசந்து தூங்கியபோது நான் அந்த டிஸ்க்கை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு வயரை மெதுவாக வளைத்துப் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் வயர்மேனாக இருந்தவன் நான். லைன் போய்விட்டால் முதலில் ஜாயிண்டைத்தான் பார்ப்போம். வயர் டிஸ்க்குக்குள் நுழைகிற இடத்தில் ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் விளக்கு நின்று எரிந்தது. விட்டால் அணைந்தது. லூஸ் காண்டாக்ட். நீ கண் விழித்ததும் சொல்லியிருக்க வேண்டும். நீ விழித்து, "இன்னா நைனா, எதுனா தெரிஞ்சிதா?" என்று கேட்டாய். "எனுக்கு இன்னாடா தெரியும் இதப் பத்தி" என்றேன். கடைக்காரர் சொல்லட்டும், நமக்கு எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலில் மறைத்தது அதைத்தான்.

மறுநாள் உன் காலாக நான் போனேன். பழைய துண்டில் டிஸ்க்கைச் சுற்றிக் கொடுத்தாய். "வயர மாத்திப் போட்டுப் பாக்கச் சொல்லு நைனா. இந்த மாதிரி அகலமான முனை இருக்குற வயரு இங்க எங்கியும் இல்ல. மறந்துடாத" என்று இரண்டு தடவை சொன்னாய். ஆலங்காயம் வழியாகத் திருப்பத்தூர் பஸ். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் அந்த கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. நசீமா என்று ஒரு பெண் நடத்துகிறாள், முப்பது வயது இருக்கும். கழற்றிப் போட்ட லேப்டாப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவள் நம் வயரைத் தொடவே இல்லை. தன் மேஜை டிராயரிலிருந்து ஒரு வயரை எடுத்துச் செருகினாள். 'டொடிங்' என்றது. அவ்வளவுதான், இன்னொரு சத்தம் வரவில்லை. திரையில் வரிசை வரிசையாக உன் கோப்புகள் வந்து நின்றன.

"டிஸ்க்கு நல்லாத்தான் கீது ஐயா. வயருதான் போய்ட்ச்சி" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் எதையோ ஓடவிட்டுப் பார்த்தாள். "ஆனா இது கீழ வுழுந்திருக்கு போல. ரொம்ப மெதுவா படிக்குது. ரொம்ப நாளு தாங்கும்னு சொல்ல மாட்டேன். ஒடனே வேற எடத்துல காப்பி பண்ணிடுங்க. இல்ல, ஒரு நாலு மணி நேரம் இருந்தீங்கன்னா நானே பண்ணித் தர்றேன்." சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு கோப்பைத் தட்டினாள். உன் அம்மாவின் குரல் வந்தது.

"அந்தக் கம்பிய எம் மூஞ்சில நீட்டாத. நா இன்னா பாட்டா பாடப் போறேன்? சாமை பொடைக்கிறேன். அந்தச் சத்தம் வேணும்னா எடுத்துக்கோ." பிறகு முறத்தின் சத்தம். நடுவில் ஒரு தும்மல். "தூசி" என்றாள். அவ்வளவுதான். நசீமா என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டாள். "வூட்ல அம்மாவா ஐயா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். நாலு மணி நேரம் உட்கார முடியாது, பையன் தனியாக இருக்கிறான் என்று சொல்லி, டிஸ்க்கையும் புது வயரையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பையன் தனியாக இருக்கிறான் என்பது உண்மைதான். ஆனால் நான் கிளம்பியதற்கு அது காரணமில்லை. அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயந்தேன்.

ஆலங்காயம் வரைக்கும் உனக்குச் சொல்லப் போகிறேன் என்றுதான் இருந்தேன். உன் முகம் எப்படி மாறும் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். ஆலங்காயத்தில் பஸ் அரை மணி நேரம் நின்றது. ஓடுகிற பஸ்ஸில் தோன்றாததெல்லாம் நிற்கிற பஸ்ஸில் தோன்றும். உன் கட்டு பிரிக்கிற நாள், நீ பையைத் தூக்குகிற நாள், அதற்கு மறுநாள் காலை. அந்த மறுநாள் காலையில் நான் மாட்டிக்கொண்டேன். எழுந்திருக்கிறேன், ஒரு டம்ளர் டீ போடுகிறேன், பேச ஆளில்லை. மறுநாளும் அப்படியே. இரண்டு வருடம் என்பது எனக்கு இரண்டு வருடமாகத் தெரியவில்லை. வடகிழக்கைப் பார்த்தவன் இந்த மலைக்கு எதற்குத் திரும்புவான்? பஸ் ஏறத் தொடங்கியது. மேலே போகப் போகப் பனி. ஒரு வளைவில் எதிரே வந்த லாரிக்கு வழிவிட பஸ் பின்னால் நகர்ந்து பள்ளத்தின் ஓரமாக நின்றது. நான் ஜன்னலைத் திறந்து புது வயரை வெளியே போட்டேன். கை தானாகப் போட்டுவிட்டது என்று எழுதத்தான் ஆசை. அப்படி இல்லை. பையின் ஜிப்பைத் திறந்து, டிஸ்க்கை ஒதுக்கிவிட்டு, வயரைத் தேடி எடுத்துப் போட்டேன். நிதானமாகத்தான் செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "இன்னா அது?" என்றார். "ஒதவாத வயரு" என்றேன்.

நீ வாசலைப் பார்த்தபடியே கிடந்தாய். நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னா சொன்னாங்க?" என்றாய்.

"முடியாதுன்னுட்டாங்க தம்பி."

"வயர மாத்திப் பாத்தாங்களா?"

"அதயும் போட்டுப் பாத்தாங்க. அவங்க கம்ப்யூட்டர்லயும் பாத்தாங்க. உள்ள சுத்துற தட்டே போய்ட்ச்சாம்."

"சரி நைனா" என்றாய். "நீ சாப்டியா?" என்றாய். அப்புறம் மாவுக்கட்டுக் காலைக் கையால் தூக்கி வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாய். உனக்கு ஏன் சந்தேகமே வரவில்லை என்று பிற்பாடு பல நாள் யோசித்திருக்கிறேன். அதற்கு முன்னால் நான் உன்னிடம் பொய் சொன்னதே இல்லை. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் உன்னை வீட்டோடு அடைத்தேன்.

கால் சரியானது. பெங்களூருக்கு நீ ஒரு வரி எழுதிப் போட்டாய், அவர்கள் வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதினார்கள். ரெக்கார்டரைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தாய். டிஸ்க்கைப் பீரோ மேல் வைத்தாய். ஆலங்காயத்தில் இ-சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்து, சாதிச் சான்றும் வருமானச் சான்றும் தட்டச்சு செய்துகொண்டு காலையில் இறங்கி மாலையில் ஏறினாய். நான் ஆசைப்பட்டது கிடைத்தது. தினமும் எனக்கு எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிட்டான். ஆனால் அவன் நீ இல்லை. நீ இருந்தால் வாய் ஓயாதே. புளியமரத்தில் இருக்கிற ஆந்தை நேற்றைவிட இன்று தள்ளிப் போய்க் கத்துகிறது என்பாய், கேட்கிறதா, கேட்கிறதா என்று என் தோளை உலுக்குவாய். இவன், "கொழம்பு போடு நைனா" என்பதோடு நிறுத்திக்கொண்டான். வீட்டைப் பெருக்கும்போது நான் தலையை நிமிர்த்த மாட்டேன், நிமிர்ந்தால் பீரோ தெரியும். வீட்டை விட்டு வெளியே போனாலும் எனக்கு ஒரே வழிதான், அந்த வளைவைத் தாண்டித்தான் எங்கேயும் போக வேண்டும். சொல்லிவிடலாம் என்று தோன்றிய நாளெல்லாம் ஒரு கணக்கு குறுக்கே வந்து நின்றது. நேற்று சொல்லாததை இன்று சொன்னால் நேற்றும் பொய் சொன்னேன் என்றுதானே ஆகும். அப்படி ஒவ்வொரு நாளும் வெளியே வரும் வழி இன்னும் கொஞ்சம் குறுகியது.

போன வருடம் ஐப்பசி மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டதே, நாலு நாள், நினைவிருக்கிறதா? கரண்ட் இல்லை, பஸ் இல்லை, நீ வேலைக்குப் போகவில்லை. கதவைத் திறந்தால் பனி உள்ளே வரும் என்று மூடிய வீட்டுக்குள் நாம் இரண்டு பேர். மூன்றாம் நாள் நீ சும்மா இருக்க முடியாமல் ஸ்டூலைப் போட்டு ஏறி டிஸ்க்கை எடுத்தாய். தூசியைத் துடைத்தாய். லேப்டாப்பில் இருந்த கொஞ்சம் சார்ஜில் அந்தப் பழைய வயரைப் போட்டுச் செருகினாய்.

"நைனா, இங்க வா! லைட்டு எரியுது பாரு. செத்த டிஸ்க்குல லைட்டு எரியுமா?"

டிஸ்க் போனதிலிருந்து அப்படி ஒரு குரலை நான் கேட்கவில்லை. வந்து பார்த்தேன். எரிந்தது, அணைந்தது, எரிந்தது. "கரண்ட்டு ஏறுனா லைட்டு எரியும் தம்பி. உள்ள இருக்குற தட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றேன். வயர்மேன் சொன்னால் நீ எதிர்த்துப் பேசுவாயா. நீ வயரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பை மூடினாய். பிறகு சொன்னாய், "அம்மா கொரலு இதுல மட்டுந்தான் இருக்குது நைனா. சாமை பொடைக்கும்போது எடுத்தது. போன்ல இருந்ததெல்லாம் அந்தப் போனோடவே போய்ட்ச்சி."

எனக்குத் தெரியாதது போல, "அப்பிடியா?" என்றேன்.

அன்று மழையில் வெளியே போய்க் கம்பத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேனே, எந்தக் கம்பத்தையும் நான் பார்க்கவில்லை. ஓய்வு பெற்றவனுக்குக் கம்பத்தில் என்ன வேலை. மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் சொன்ன பொய்க்கு என் பயத்தைக் காரணம் காட்டலாம். இரண்டாவதாகச் சொன்ன இந்தப் பொய்க்கு எந்தக் காரணமும் என்னிடம் இல்லை. நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, உன் அம்மாவின் குரலை இன்னொரு தடவை மூடினேன்.

பிறகு பவித்ரா வந்தாள். ஆலங்காயம் ஆஸ்பத்திரியில் நர்சு, உன் மையத்துக்கு ஏதோ சான்றுக்கு வந்தவள், உன்னைக் கொஞ்சம் சிரிக்க வைத்தவள். நிச்சயம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ கடைக்குப் போயிருந்தபோது அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "மாமா, அந்த டிஸ்க்க எனுக்குக் குடுங்க. திருப்பத்தூர்ல ஒருத்தரு பாக்குறாங்களாம். உங்க புள்ளகிட்ட சொல்லாதீங்க. கல்யாணத்தன்னிக்கி அத்த கொரல ஒரு வாட்டியாவது போடணும்." எந்தக் கடைக்குப் போனாலும் ஒரு நொடியில் தெரிந்துவிடும், வயரை மாற்றினால் போதும். "நீ ஏம்மா அலையற? நானே எடுத்துட்டுப் போறேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அவள் போன பிறகு என் திட்டம் இதுதான்: புது வயர் வாங்கி, எல்லாவற்றையும் காப்பி எடுத்து, இப்போது புதிதாக ஏதோ செய்து சரிபண்ணிவிட்டார்கள் என்று உன்னிடம் கொடுப்பது. நல்ல பெயரோடு வெளியே வந்துவிடலாம். பார், அப்போதும் உண்மையைச் சொல்ல நான் கிளம்பவில்லை.

நசீமா என்னை மறக்கவில்லை. "வாங்க ஐயா. அன்னிக்கே காப்பி எடுத்தீங்க இல்ல?" என்றாள். நான் டிஸ்க்கை நீட்டினேன். புது வயரைச் செருகினாள். விளக்கு நிலையாக எரிந்தது. 'டொடிங்' வரவில்லை. உள்ளேயிருந்து டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம், கொஞ்சம் நின்று, மறுபடி டிக், டிக். அவள் குனிந்து காதை வைத்துக் கேட்டாள். வேறு வயர் போட்டாள், வேறு கம்ப்யூட்டரில் போட்டாள். "இத்தன நாளு யாரும் ஓட்டியே பாக்கலியா? ஈரத்துல வெச்சிருந்தீங்களா?" என்றாள். "உள்ள படிக்கிற முள்ளு போய்ட்ச்சி ஐயா. சென்னைக்கு அனுப்பலாம், அங்க பிரிச்சிப் பாப்பாங்க. வரும்னு நா சொல்ல மாட்டேன்." நான் அன்று உன்னிடம் சொன்ன பொய்யை கிட்டத்தட்ட அப்படியே அவள் உண்மையாகச் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஒரு டீ வாங்கினேன். தம்பி, இதற்காகத்தான் இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்தேன். அந்த டீ நன்றாக இருந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக எனக்கு மூச்சு தாராளமாக வந்தது. இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது. எந்தக் கடைக்குப் போனாலும் நான் சொன்னதைத்தான் சொல்வார்கள். நான் தப்பித்துவிட்டேன். பாதி டம்ளர் குடித்த பிறகுதான் நான் எதற்குச் சந்தோஷப்படுகிறேன் என்பது எனக்கு உறைத்தது. உன் அம்மாவின் அந்தத் தும்மல் போய்விட்டது. உன் இரண்டு வருட உழைப்பு போய்விட்டது. அதற்கு நான் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன். மீதியைக் குடிக்க முடியவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து உன் எதிரே சோற்றுக்கு உட்கார்ந்தால், அப்புறம் சாகிறவரைக்கும் அதிலிருந்து வெளியே வர மாட்டேன் என்று தெரிந்தது. மலைக்கு டிக்கெட் எடுத்தவன் ஆலங்காயத்திலேயே இறங்கிவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு குடியிருக்க அங்கே பார்த்திருந்த வாடகை வீட்டில் நீ சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தாய். நான் வாசற்படியில் நின்றபடியே சொன்னேன். உள்ளே வந்து உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். நாலு வாக்கியம்கூட இருக்காது. நீ பிரஷைக் கீழே வைக்கவில்லை, அதிலிருந்து உன் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"வயரு மட்டுந்தானா?" என்றாய்.

"ஆமா."

"லைட்டு எரிஞ்சப்ப உனுக்குத் தெரியும்."

"தெரியும் தம்பி."

"அம்மா கொரல கேட்டியா அங்க?"

"கேட்டேன்."

"இன்னா சொன்னா?"

சொன்னேன். கம்பியை நீட்டாதே என்றதை, பாட்டா பாடப் போறேன் என்றதை, முறத்தை, தும்மலை, தூசி என்றதை. நீ கவிழ்த்து வைத்திருந்த பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டாய். என்னை அடித்திருக்கலாம், வெளியே போ என்று கத்தியிருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். நீ பிரஷைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப நீ சொல்றது காதுல ஏற மாட்டுது நைனா. கோவத்துல பாதிய மறந்துடுவேன். ஒன்னு வுடாம எழுதிக் குடு" என்றாய். "டிஸ்க்க வெச்சிட்டுப் போ. பஸ்ஸு போய்டும்" என்றாய். அன்றிலிருந்து நீ மலைக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பவித்ரா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளிடம் நானே போன் செய்து சொல்லிவிட்டேன். நீ சொல்லட்டும் என்று உன் தலையில் அதையும் கட்ட மனம் வரவில்லை. அவள், "இப்ப எனுக்கு இன்னா சொல்றதுன்னே தெரியல மாமா" என்று வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். நீ டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னாள். போன வாரம் மறுபடி கூப்பிட்டு, திறந்து பார்த்தார்களாம், தட்டெல்லாம் கோடு கோடாகச் சுரண்டிப்போயிருக்கிறதாம், எதுவும் எடுக்க முடியாதாம் என்றாள். பெங்களூருக்கு நீ மறுபடி எழுதியதையும் சொன்னாள். அந்த இடம் எப்போதோ நிரம்பிவிட்டது, இப்போது உன்னிடம் என்ன இருக்கிறது அனுப்பு என்று கேட்டிருக்கிறார்களாம். உன்னிடம் ஒன்றும் இல்லை. அதற்குக் காரணம் நான். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனதாகச் சொன்னாள். எங்கே என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதற்கெல்லாம் முன்பே வீட்டுப் பரணிலிருந்து நீ அதை எப்போது எடுத்துப் போனாய் என்றுகூட எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது பார்.

நீயும் ஒரு நாள் தகப்பனாவாய் என்று புத்தி சொல்கிற இடத்தில் நான் இல்லை. ஆனாலும் ஒன்றை மட்டும் எழுதுகிறேன், மூன்று வருடம் அடைபட்டுக் கிடந்து கண்டது. நான் உன்னை விட்டுப் பிரியப் பயந்தேன், அது தப்பில்லை. அந்தப் பயத்தை உன்னிடம் சொல்லாமல் பஸ் ஜன்னல் வழியாக ஒரு வயரை வீசினேன், அதுதான் தப்பு. "போகாத தம்பி, எனுக்குத் தனியா இருக்க பயமா கீது" என்று அன்று சொல்லியிருந்தால் நீ என்னைத் திட்டியிருக்கலாம், சிரித்திருக்கலாம், ஒரு வருடம் தள்ளிப்போட்டிருக்கலாம், இல்லை, போயே போயிருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது நீ எடுத்த முடிவாக இருந்திருக்கும். அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆம்பளை, கம்பம் ஏறினவன், மகனிடம் போய்ப் பயம் என்று சொல்வதா என்று. இப்போது எழுதுகிறேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இந்த ஒரு மாதமாக வீட்டில் ஒரே டம்ளர் டீ போடுகிறேன், நான் நினைத்ததைப் போலவேதான் இருக்கிறது. ஆனால் இருக்க முடிகிறது. செத்துப்போய்விடவில்லை.

அடுத்த புதன்கிழமை உன் கல்யாணம். வரச் சொன்னால் முதல் பஸ்ஸுக்கு வந்து, அப்பன் நிற்க வேண்டிய இடத்தில் நின்றுவிட்டு, சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பு என்றால் கிளம்பிவிடுகிறேன். வர வேண்டாம் என்றால் பவித்ராவிடம் சொல்லியனுப்பு, இங்கேயே இருந்துகொள்கிறேன், யாரிடமும் காரணம் சொல்ல மாட்டேன். மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. கேட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய பாரமும் உன் மேல் விழும். பெங்களூரோ வடகிழக்கோ, எங்கே கூப்பிட்டாலும் போ. போகலாமா என்று என்னைக் கேட்காதே, தம்பி. போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மட்டும் போ.

உன் நைனா